நாலாவது தட்டு

கோரிப்பாளையம் முக்கில் டீ மாஸ்டரின் கரண்டி கண்ணாடிக் கிளாஸில் பட்டு ‘டிங்’ என்றது. நான் மறுபடியும் நாலாம் வகுப்பில் நின்றேன்.

பள்ளி பேண்டில் உயரமான பிள்ளைகளுக்கு டிரம் போனது. எனக்குக் கிடைத்தது முக்கோணக் கம்பி. ஒரு பாட்டுக்கு நாலே தட்டு. அதற்கே அவ்வளவு பெருமை.

“எம்புட்டு தடவ தட்டுவ?” என்று அத்தா கேட்டார்.

“நாலு.”

“அப்பக் கண்டிப்பா வாரேன்மா.”

விளையாட்டு விழாவன்று வளையல் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கூட்டத்தில் அவரைத் தேடியதில் கடைசித் தட்டைத் தவறவிட்டேன். வீடு திரும்பும்போது அழுகை முட்டியது.

அத்தா சொன்னார்: “நாலும் கணீர்னு கேட்டுச்சும்மா.”

மாஸ்டர் டீயை நீட்டினார். வாங்கி, கிளாஸை மோதிரத்தால் ஒரே ஒரு தடவை தட்டினேன்.