பிணமாகப் படுத்த ஆராய்ச்சிக்காரர்

எழுபதுகளின் கடைசியில், ஒப்பாரிப் பாட்டை ஆராய எங்கள் மலைக்கு ஒருவர் வந்தார். கையில் டேப் ரிக்கார்டர். ஒப்பாரி பதிவாகாவிட்டால் டாக்டர் பட்டம் கிடைக்காது என்று எங்கள் வாசலில் உட்கார்ந்து கெஞ்சினார்.

"சாவு வுழாத வூட்டுல அழுதா ஆவாதுங்க," என்றாள் என் மாமியார்.

"அப்போ யாராவது சாகிற வரைக்கும் இங்கயே தங்கட்டுமா அம்மா?"

"சாவற மாதிரி இப்ப யாரும் இல்லீங்களே," என்று பக்கத்து வீட்டுக்காரி பரிதாபப்பட்டாள்.

கடைசியில் அவரே ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் பாய் விரித்துப் படுத்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கூச்சத்தில் நான் எல்லாருக்கும் பின்னால். பாட்டு தொடங்கியதும் அவர் தலையைத் தூக்கி மெஷினைப் பார்த்தார்.

"பொணம் எட்டிப் பாத்தா எப்பிடிங்க அழுவறது? கம்முனு படுங்க!" என்று அதட்டினாள் மாமியார்.

மலையேறிய களைப்பில் தூங்கியே போனார். அசையாத உடம்பைப் பார்த்த மாமியாருக்குச் செத்துப்போன அண்ணன் நினைவு வந்துவிட்டது; நிஜமாகவே அழுதாள். குறட்டை கேட்டபிறகுதான் நிறுத்தினாள்.

அழுத தீட்டுப் போக நாங்கள் எல்லாரும் மார்கழிக் குளிரில் ஓடையில் முழுகினோம். அவர் ஸ்வெட்டரோடு அடிவாரத்தில் நின்ற ஜீப்புக்கு இறங்கிப் போனார்.

மறுவருஷம் பட்டம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"படுத்துக் கெடந்ததுக்கேவா?" என்றாள் மாமியார்.