சதாவரி மூடு

மூத்தவளுக்கு நான் பால் கொடுத்தது இருபது நாள்தான். அதற்குப் பிறகு வற்றிப்போச்சு. பக்கத்து வீட்டு மைனிக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. என் புருஷனைப் பெற்ற மாமி, என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போவாள். நான் அடுக்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளை வயிறு நிறைந்து உறங்கித்தான் திரும்பி வரும். எனக்குத்தான் சோறு இறங்காது.

அடுத்த பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது என்று, அப்பாவிடம் சொல்லி ஆரல்வாய்மொழி மலையடியிலிருந்து ஒரு சதாவரிச் செடியை வரவழைத்தேன். குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ரெண்டு வருஷம் முந்தி அது. தண்ணீர்விட்டான் என்றும் சொல்லுவார்கள். தலைமுடி மாதிரி இலை, தண்டெல்லாம் முள். மண்ணுக்குள் விரல் விரலாகக் கிழங்கு விடும். அதைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். கிணற்றடியில் மண்ணைக் கொத்திக் கிளைத்து, சாணிப்பொடி போட்டு நட்டேன். ரெண்டு வருஷம் மூட்டில், கொடியின் அடியில், கை வைக்கக் கூடாது என்றார் அப்பா.

நட்ட ஆறாம் மாசம் எனக்கு நாள் தள்ளிப்போச்சு. கிழங்கு முற்றுவதற்கு முந்தியே பிள்ளை வந்துவிடும்.

பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. தண்ணீர் கோரப் போகும்போதெல்லாம் குனிந்து விரலால் மண்ணை விலக்கிப் பார்ப்பேன். நூல் போல ஏதோ தட்டுப்படும். மூடிவிட்டு வருவேன். குடத்தை இறக்குவதற்குள், அந்தப் பக்கம் தோண்டியிருந்தால் பருத்ததாகக் கிடைத்திருக்குமோ என்று தோன்றும். மறுபடியும் போவேன். வயிறு பெருக்கப் பெருக்க இதுவும் பெருகியது. சில நாள் நாலு தடவை.

வயிற்றில் ஏழாம் மாசம் நடக்கும்போது கொடி மஞ்சளித்தது. மாமி குனிந்து பார்த்தாள். மூடெல்லாம் கிளறிக் கிடந்தது.

"கோழி கிண்டியிருக்கு" என்றாள்.

எங்கள் வீட்டில் கோழி கிடையாது. மைனி வீட்டில்தான் உண்டு. நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மாமி முன்னால் எனக்கு அதுவரை சத்தமே எழும்பியதில்லை. அவள் நேரே வேலிக்குப் போனாள்.

"ஏட்டி, ஒனக்கக் கோழிய அடைச்சுப் போட்டா என்ன?"

"எனக்கக் கோழி காலையிலேருந்து கூட்டுலதான் கெடக்கு. வந்து பாருங்கோ மாமி" என்றாள் மைனி.

"அப்ப மண்ணு தானா கெளறிச்சா? பிள்ளைக்க வாயில போக வேண்டியத நாசமாக்கிப் போட்டு, பேசுதா பாரு!"

"மூத்தது ஆருக்கப் பாலுல வளந்துது? மறந்துபோச்சா?"

"சொல்லியா காட்டுத? இனி எங்க பிள்ள ஒனக்க முற்றத்துல கால் வைக்காது."

மைனியின் கடைசிப் பிள்ளை அப்போதும் பால் குடித்துக்கொண்டிருந்தது. கிழங்கும் போய், மைனியும் போனால், வயிற்றில் கிடப்பது எதைக் குடிக்கும்? எப்படி வேலியடிக்குப் போனேன் என்று தெரியாது.

"கோழியில்ல மாமி. நாந்தான்."

மைனிதான் முதலில் சிரித்தாள். "நல்ல கோழி! இதைப் பிடிச்சுக் கூட்டுல அடையுங்கோ மாமி."

மாமி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள். அன்றே மூட்டைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டி வைத்து, தழை போட்டு மூடினாள். தண்ணீர் கோருவதும் அவள் வேலையாயிற்று. நான் அடுக்களைக்கும் அறைக்குமாக நடந்தே மீதி மாசத்தைக் கழித்தேன்.

ஆண்பிள்ளை பிறந்த மறுநாள் அவளே தோண்டினாள். கொடி பிழைக்கட்டும் என்று ஒரு பக்கம் மட்டும். பன்னிரண்டு கிழங்கு. பாதி, சுண்டுவிரல் கனம்கூட இல்லை. தோல் சீவி, நடுநரம்பை உருவி, பாலில் வேகவைத்துத் தந்தாள்.

பால் வந்தது. போதவில்லை. பகலுக்குச் சரியாக இருக்கும். அந்தியானால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அலறுவான். மாமி தூக்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. நானே வேலியைக் கடந்து போய், மைனி மடியில் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் எழுந்து ஓடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"மத்த பக்கம் மாத்தட்டா?" என்று மைனி கேட்டாள்.

"வேண்டாம் மைனி. இதுக்குள்ள ஊறியிருக்கும். இனி எனக்கப் பாலக் குடிக்கட்டு" என்று கையை நீட்டினேன்.