ஹீட்டர் போட்டதும் நகர்ந்த பீக்

"ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்கேய்யா?"

கமிட்டித் தலைவர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. அதுவரை அவர் பார்த்ததெல்லாம் பீரோ அளவு. நான் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருந்த சிப்பைக் காட்டினேன்.

"இதுவா? ஒட்டுப் பொட்டாட்டம் இருக்கே! தும்மினா போயிடுமேய்யா!"

டில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். உஷா மேடம் எங்கள் விஞ்ஞானி, கான்ட்ராக்ட் வேலை. ஃபைபர் என்ற கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மயிரிழையைவிட மெல்லிய பாதைகளில் ஓடவிட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சேனலில் தருவது அந்தச் சிப்பின் வேலை. கமிட்டி சரி என்றால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மார்ச்சோடு மேடம் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லேசரைப் போட்டோம். திரையில் ஐந்தாம் சேனலில் பீக், அதாவது ஒளியின் உச்சம், ஜம்மென்று நின்றது. தலைவர் மதுரைக்காரர், லோதி ரோட்டில் எத்தனையோ ஜனவரி கழித்தும் குளிர் பழகாதவர்.

"கை விறைக்குது. பையா, ஹீட்டர் லாவோ, ஜல்தி!"

ஹீட்டர் வந்தது. அவர் காலடியில், எங்கள் மேசையை ஒட்டி. சற்று நேரத்தில் பீக் ஐந்தை விட்டு ஆறுக்கு நடந்துவிட்டது.

"என்னம்மா, லேசர் நிறம் மாறிடுச்சா?"

எங்கள் பாஸ் முந்திக்கொண்டார். "ஃபைபர் தோடா லூஸ் ஹை, சார்."

"லூஸானா வெளிச்சம் குறையும் சார், இடம் மாறாது," என்றார் மேடம். "சிப் சூடாயிடுச்சு. சூடானா அது நிறம் பிரிக்கற இடம் தள்ளிப்போயிடும். உங்க ஹீட்டர்தான் காரணம்."

பாஸ் முகம் வெளிறிவிட்டது. தலைவர் மேடத்தையே பார்த்தார். பிறகு, "அப்ப அணைங்க," என்று மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டார்.

எல்லோரும் நடுங்கியபடி திரையைப் பார்த்தோம்.

"வருது, வருது... அஞ்சுக்கு வந்துட்டான்யா!" கிரிக்கெட் பார்ப்பவர்போலக் கை தட்டினார். "எனக்குக் குளிர் ஆகாது, இவனுக்குச் சூடு ஆகாது. ஆனா மே மாசம் சரோஜினி நகர் வெயில்ல வெச்சா என்னம்மா ஆகும்?"

"அதுக்குத்தான் சார் நீட்டிப்பு கேக்கறோம். அடியில குட்டியா ஒரு கூலர் வெச்சு, சூட்டை ஒரே அளவுல நிறுத்தணும்."

"பண்ணுங்க. மே மாசம் வருவேன். ஏ.சி.யை அணைச்சிட்டுத்தான் பார்ப்பேன்."

சொன்னபடி வந்தார், அணைத்தார். எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. பீக் அசையவில்லை.

கருவி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பீக் ஏன் நகர்ந்தது என்று தெரிந்தால், காரணம் யார் காலடியில் இருந்தாலும் அங்கேயே சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். ஃபைபர் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.