நடு அறையில் ஒரு மேடு

இந்த ஊரில் தரை வியர்க்கும். தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள், இவன் கதை விடுகிறான் என்பீர்கள். நம் ஊரில் ஈர வேட்டியைத் தரையில் போட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் காய்ந்து விறைத்துக் கிடக்கும். திருகோணமலையில் ஐப்பசி பிறந்து காற்றுத் திரும்பியதும் சிமெந்துத் தரை முதலில் கறுக்கும், பிறகு பளபளக்கும், அப்புறம் நடந்தால் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரியும். வந்த புதிதில் நான் கூரையில் ஏறி ஒழுக்குத் தேடினேன். சுவரோரம் தோண்டிப் பார்த்தேன். வீட்டுச் சொந்தக்காரி பிலோமினா அக்கா அதே வளவில், அதாவது ஒரே வேலிக்குள், பக்கத்து வீட்டில் இருக்கிறவர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மாரிக்குத் தரை வேர்க்கும் தம்பி. அதுக்கேன் கூரையில ஏறுறீங்கள்?" என்றார். மாரி என்றால் இங்கே மழைக்காலம். கோழி முட்டையிடும் என்பதுபோல் அவர் அதைச் சொன்னதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு வந்தவன் நான். தொழில் தையல். துறைமுகத்தில் அப்போது வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் நிறைந்து கிடந்தன. அந்த மாலுமிகளின் வெள்ளை உடுப்புத் தைப்பதற்குத்தான் கடை போட்டேன். ஊரில் என் கை தளர்த்தி வெட்டிப் பழகிய கை. பிள்ளைச் சட்டை என்றால் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவேண்டும் என்று தாய்மார் சொல்வார்கள். உள்ளே துணியை மடித்து விட்டு வைப்போம். மாலுமிகளுக்கு அது பிடிக்காது. உடம்போடு ஒட்ட வேண்டும், ஒரு நூல்கூடத் தளரக் கூடாது. அப்படியே என் கையும் இறுகிவிட்டது. பிறகு அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்கு மறுபடி ஊர்ச்சனம் வந்தது. கை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "எனக்கு மூச்சுவிட இடம் விட்டுத் தையுங்கோ தம்பி" என்று பிலோமினா அக்கா சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டதும் உண்டு.

என் மனைவி புஷ்பமும் மூத்த பிள்ளை ரோசியும் இங்கே வந்து ஒரு மாரியைத்தான் பார்த்தார்கள். அந்தத் தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. பாயின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்தது. கட்டில் வாங்கினேன், தவழ்ந்து பழகிய பிள்ளை கட்டிலில் இருக்குமா? இறங்கி இறங்கித் தரையில் கிடந்தது. அடுத்த பிள்ளைக்குப் புஷ்பம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டபோது, இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார்வரை கொண்டுபோய் விட்டேன். கப்பல் பாலத்தில் நின்று அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "தரை காயட்டும், வாரேன். காயலன்னா நீங்க கடையக் கட்டிட்டு வந்துருங்க. இன்னொரு பிள்ளைய நான் அந்த ஈரத்துல போடமாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள். வந்த ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒரு நிமிஷமும் உட்காரப் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

கடையைக் கட்டிவிட்டுப் போ என்று மனதின் ஒரு பாதி சொன்னது. போய் என்ன செய்வேன்? ஊரில் தெருவுக்குத் தெரு தையல்காரன். இங்கே என் கடைக்கு என்று ஒரு பேர் இருந்தது. இருந்து பார் என்று மறுபாதி சொன்னது. இந்தியன் இங்கே இருப்பதற்கும் பேமிட் என்று ஓர் அரசாங்கத் தாள் வேண்டும். அதை வருஷா வருஷம் போய் நின்று வாங்க வேண்டும். இப்படி மனம் கிடந்து அலைந்த நாளில்தான் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களா ஞாபகத்துக்கு வந்தது. ஒருமுறை நல்ல மாரி மழையில் அளவெடுக்கப் போயிருந்தேன். பலகையில் போட்ட தரை. வெளியே மரங்களெல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அவருடைய குழந்தை வெறும் மேனியோடு அந்தப் பலகையில் தவழ்ந்து விளையாடியது. தரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அந்தத் தரையை என் வீட்டில் போட்டுவிட்டால் புஷ்பம் வந்துதானே ஆகவேண்டும்!

கிண்ணியாவிலிருந்து விறகும் மரமும் வண்டியில் கொண்டுவரும் ஹனிபா காக்காவுக்கு நான் நெடுநாள் இடுப்பில் கட்டும் சாரம் மூட்டிக் கொடுத்திருக்கிறேன். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்போம். கப்பல்துறைப் பக்கம் பிரித்துப்போட்ட வெள்ளைக்காரக் கொட்டில்களின் பலகை அவர் கைக்கு வந்திருந்தது. நல்ல தேக்கு. "தச்சனை அனுப்பவோ?" என்று கேட்டார். வேண்டாம், நானே போட்டுக்கொள்வேன் என்றேன். அளவெடுப்பதும் வெட்டுவதும் பொருத்துவதும்தானே? அதைத்தானே பிறந்ததிலிருந்து செய்கிறேன் என்ற திமிர். பிலோமினா அக்காவிடம் அனுமதி கேட்டபோதுதான் கொஞ்சம் இடறியது. "பலகையை அடிச்சிட்டு நீங்கள் இந்தியாவுக்குப் போயிட்டால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் போகவில்லை என்றேன். "நீங்கள் போகேல்லை, சரி. பேமிட் குடுக்கிறவங்கள் என்ன சொல்லுறாங்கள்?" அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இனி நான் செய்த மேதாவித்தனத்தைக் கேளுங்கள். புதுத் துணியை யாராவது அப்படியே வெட்டுவார்களா? நனைத்துக் காயப்போட்டு, அது சுருங்குகிற மட்டும் சுருங்கிய பிறகுதானே வெட்ட வேண்டும்? பலகையையும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு பலகையாகத் தூக்கிக் கிணற்றடித் தொட்டியில் ஊறப்போட்டேன். ஊறியதை வளவு முழுக்கப் பரப்பினேன். அது கச்சான் காற்று அடிக்கிற காலம். மேற்கேயிருந்து நெருப்பாக வரும் அந்தக் காற்று, பலகையைத் தட்டினால் மணிபோல் சத்தம் வரும் அளவுக்குக் காயவைத்தது. நான் தொட்டியில் பலகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஹனிபா காக்கா வந்து வண்டியை நிறுத்தினார்.

"என்ன டெய்லர், பலகைக்குக் குளிக்க வார்க்கிறீங்கள்?"

"எங்க ஊர்ல இப்படித்தான் காக்கா. நனைச்சுக் காயவைக்காம நாங்க கத்திரிய வைக்கிறதே இல்ல" என்றேன் பெருமையோடு. அவர் வாய்க்கு வந்த ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்டார். தலையை ஆட்டி, "ஓம், ஓம். அப்பிடியெண்டால் செய்யத்தானே வேணும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பிலோமினா அக்காவும் வந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். என் கெட்டித்தனத்துக்கு இவர்கள் தலைவணங்குகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

குறுக்குச் சட்டங்களுக்குத் தார் பூசிச் சிமெந்தின்மேல் கிடத்தி, அவற்றின்மேல் பலகையை அடித்தேன். கடைச் சுண்ணக்கட்டியால் கோடு, கடை நாடாவால் அளவு. ஊசி பிடித்த விரல்கள் சுத்தியலுக்கு அகப்பட்டு நீலம் பாரித்தன. முழங்கால் இரண்டும் வீங்கின. ஆனாலும் ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையில், பலகைக்கும் சுவருக்கும் இடையில், ஒரு சவர அலகுகூட நுழையாது. மாலுமியின் உடுப்புப் போல ஒட்டிக் கிடந்தது தரை. முடித்த அன்று சட்டையைக் கழற்றிவிட்டு அதில் குப்புறப் படுத்தேன். காய்ந்த மரத்தின் வாசம். என் பிள்ளைகளை அதில் உருளவிட்டுப் பார்த்தேன், மனதுக்குள். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. அன்றே புஷ்பத்துக்கு எழுதினேன்: தரை காய்ந்துவிட்டது, வா.

அவள் நத்தாருக்கு முன் வருவதாகப் பதில் போட்டாள். நத்தார் என்றால் இங்கே கிறிஸ்துமஸ். ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு வருகிறாள், நான் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். அதற்குள் மாரி பிடித்தது. நாலைந்து நாள் விடாமல் ஊற்றியது. அவள் வருகிற நாள், மத்தியானம் கடையிலிருந்து வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் ஒரு சாணுக்கு மேல் அசையவில்லை. அந்த இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். அறை நடுவே என் தரை, படுத்திருக்கும் மாட்டின் முதுகுபோல எழும்பி நின்றது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு நின்றன. மேசை சரிந்து சுவரில் சாய்ந்திருந்தது. நான் படியிலேயே மழையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பிலோமினா அக்கா குடையோடு ஓடிவந்தார். அவருக்கு விறகு இறக்கிக்கொண்டிருந்த ஹனிபா காக்காவும் வந்து எட்டிப் பார்த்தார். "நாலு பக்கமும் சுவரோட ரெண்டு விரல் விட்டிருக்கோணும்" என்றார் காக்கா. "மாரிக்குப் பலகை ஊதுமே. எங்கட கதவெல்லாம் இறுகிப்போறதைக் காணேல்லையோ?"

"தெரிஞ்சா அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "உங்கட ஊர் முறை எண்டீங்கள். பலகை அடிக்கமுந்திச் செய்யிற ஏதோ சடங்காக்கும் எண்டு நினைச்சன். ஆக்களின்ர வழக்கத்தில கைவைக்கப்படாது தானே?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார் அக்கா. "நீங்கள் பலகையை மந்திரிச்சுக் கழுவுறீங்கள் எண்டு பங்குக் கோயிலில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்." வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். எத்தனை வருஷம் இவர்களுக்குச் சட்டை தைத்தேன், இவர்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்! நான் செய்கிற முட்டாள்தனம்கூட இவர்கள் கண்ணுக்கு இந்தியாவாகத்தான் தெரிந்திருக்கிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்க ஊர்ல இப்படித்தான் என்று மார்தட்டியவன் நான்தானே.

பலகையைப் பிரிக்க நேரமில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். புஷ்பம் கையில் குழந்தையோடு இறங்கினாள், ரோசி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனை முதல்முதலாக வாங்கிப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரைதான் கண்ணில் நிற்கிறது. மாட்டுவண்டியில் வரும்போது, "ஏன் ஒண்ணும் பேசாம வாறீங்க?" என்று கேட்டாள். முன்கதவு திறக்காததால் குசினி வழியாகக் கூட்டிப்போனேன். குசினி இங்கே அடுப்படி. நடு அறை வாசலில் அவள் நின்றாள். இப்போதே திரும்பி அடுத்த ரயிலைக் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் குனிந்து அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு புறங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. பையனை அதன்மேல் விட்டாள். அவன் முழங்காலால் ஊன்றி ஊன்றி மேட்டில் ஏறி, மறுபக்கம் சறுக்கி விழுந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள் புஷ்பம்.

நத்தார் கழிந்ததும் காக்கா வந்து சுவரோரமெல்லாம் இரண்டு விரல் அறுத்துவிட்டார். பலகைகள் இறங்கின. நடுவில் இருந்த இரண்டு மட்டும் வளைந்தபடியே நின்றன. மாற்றிவிடுகிறேன் என்றேன், புஷ்பம் விடவில்லை. பையன் அதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான். ரோசிக்கு இழுப்பு வரவில்லை. இப்போது அவள் இந்த ஊர்ப் பிள்ளைகள்போல ஏலாது, ஓம் என்று பேசுகிறாள். இரவில் விளக்கில்லாமல் நடந்தாலும் எங்கள் நால்வர் காலும் நடு அறைக்கு வந்ததும் தானாக உயர்ந்து இறங்கும். புதிதாக வருகிறவர்கள்தான் தடுக்குவார்கள்.

இந்த வருஷம் பேமிட் கந்தோரில், அதாவது ஆபீஸில், என் தாளை நெடுநேரம் புரட்டிவிட்டு, அடுத்த முறை சொல்ல முடியாது என்றார்கள். அந்தக் கலக்கத்தோடுதான் சென்ற ஆனியில் குடும்பத்தோடு தூத்துக்குடி வந்திருந்தேன். உங்களில் சிலரைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். மாமனாரும் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டார்: "அவன் போகச்சொல்ற வரைக்கும் அங்க என்ன இருக்கு மாப்ள? பெட்டியக் கட்டிட்டு வந்துருங்க. இது உங்க ஊரு." நான் சரி என்று சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். அப்போது புஷ்பம் அடுப்படியிலிருந்து அவருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சமமான, வழவழப்பான சிமெண்டுத் தரை. நடுக்கூடத்துக்கு வந்ததும் அவள் வலது கால் உயர்ந்து, இல்லாத மேட்டைத் தாண்டி, தொம்மென்று இறங்கியது. பாதித் தண்ணீர் சிந்திவிட்டது.

"என்னம்மா, கால்ல முள்ளா?" என்றார் மாமனார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிந்திய தண்ணீர் அந்த வெயிலில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. செம்பை வாங்கலாம் என்று நான் எழுந்து அவளிடம் போனேன். நடுக்கூடத்தில் என் காலும் உயர்ந்தது.