அக்கா அளவில் ஒரு ரேஸ் கார்

என் அக்கா புருஷன் ராசாங்கத்துக்குக் கிறுக்குப் பிடித்தது எழுபத்தெட்டில். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிப்போன லாரி மெட்ராஸ் தாண்டி நின்றுவிட, ரிப்பேர் பார்க்கப் போனவர் சோழவரத்தில் கார் பந்தயத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

"நாமளே ஒண்ணு செய்யணும் மாப்ள," என்றார் என்னிடம்.

ஓட்டும் ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. "உள்ள உக்காந்தா ரோடுதான் தெரியும். நான் செஞ்ச வண்டி பறக்கறத வெளிய நின்னு பாக்கணும்." அது ஒன்றுதான் ஆசை. அதற்காக லாரி ஷெட்டின் மூலையில் ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினார்.

விபத்தில் நசுங்கிய ஃபியட்டிலிருந்து எஞ்சின் வந்தது. இரும்புக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டினார், தார் டின்களைத் தட்டி மேல்தகடு செய்தார். எடை குறையட்டும் என்று ரிவர்ஸ் கியரையே கழற்றிப் போட்டார். பந்தயத்தில் எவன் பின்னால் போகிறான் என்று என்னையே கேட்டார்.

ஓட்டுவதாக ஒத்துக்கொண்டவர் லாரி முதலாளியின் மகன் குருநாதன். குள்ளமான ஆள். மெட்ராஸில் படித்துக்கொண்டே பைக் பந்தயங்களுக்குப் போகிறவர். சீட் வைக்க அவரை அளவெடுக்க வேண்டும். எத்தனை பெரிய எஞ்சினையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிற மனிதருக்கு அதற்கு மட்டும் வாய் வரவில்லை.

"மொதலாளி வூட்டுப் புள்ளய உக்கார வச்சு டேப் புடிக்கச் சொல்றியா? ஒங்கக்கா அம்சவள்ளியும் அதே ஒசரந்தான்."

அன்றிலிருந்து என் அக்கா சோறு வடித்த கையோடு வந்து அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்தாள். திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். அவள் கால் எட்டிய இடத்தில் பெடல்களைப் பற்றவைத்தார் மச்சான். ஆள் இல்லாத நாளில் ஷெட்டில் லாரிகளை நகர்த்திக் கொடுக்கிறவள். எந்தப் பெடல் எதற்கென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சோழவரத்தில் குருநாதன் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அழுத்தினால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்தே இறங்கின. எல்லாம் அக்காவின் வெறுங்காலுக்கு வைத்த நெருக்கம். ஷூவைக் கழற்றினார். வெறுங்காலோடு விடமாட்டோம் என்றார்கள் பந்தயம் நடத்துகிறவர்கள்.

"நானும் ஒருதடவ வந்து உக்காந்து பாத்திருக்கணும்ண்ணே," என்றார் குருநாதன். தங்கமான பிள்ளை.

வண்டி ஓடாமலே ஊர் திரும்பியதும் மச்சான் காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். பெடலை மாற்றலாமே என்றேன். ஸ்பானரையே தொடவில்லை.

மாட்டுப்பொங்கலன்று அக்காதான் தார்ப்பாயை இழுத்தாள்.

"எனக்குத் தச்ச ரவிக்கைய ஊரான் போட்டா பத்துமா? எடுங்க, நான் ஓட்டுறேன்."

சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த குவாரியின் அடித்தளம் நீளமாக, குறுகலாக, சமமாகக் கிடந்தது. லாரியில் கட்டி இழுத்துப்போனோம். அக்கா சேலையை வரிந்து செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். வண்டி முதலில் இருமியது, பிறகு சீறியது. வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

மறுகோடியில் போய் நின்றது. திரும்பத்தான் ரிவர்ஸ் கிடையாதே. மச்சான் அவ்வளவு தூரமும் ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். இருவருமாக வாலைத் தூக்கித் திருப்பி வைத்தோம்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"புழுதிதான் தெரிஞ்சுது புள்ள. இன்னொரு தடவ ஓட்டு."

பொய். பக்கத்திலேயே நின்றவன் நான். கண்ணைத் துடைத்துத் துடைத்து முழுசாகப் பார்த்தார்.