தக்கைப் பிடியும் ஒரு வாக்கியமும்

அவருக்கு எஞ்சினியர் என்று பெயர் வைத்தது அவரேதான். தொழிற்பள்ளியில் மூன்று மாதம் பெஞ்சைத் தேய்த்தவர். பிறகு மாமனார் விட்டுப்போன சைக்கிள் கடையில் உட்கார்ந்துகொண்டு, பஞ்சரைக்கூட 'காற்றழுத்தப் பிரச்சினை' என்று சொல்லத் தொடங்கினார். தெருவும் சிரித்துக்கொண்டே எஞ்சினியர் என்றது. சிரிப்பைக் கழித்துவிட்டுப் பெயரை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

மனைவி பின்பக்கத்து மேசையில் சீட்டுக்கு உறை தைப்பாள். சக்கரத்தின் கோணல் எடுப்பதும் அவள்தான். வாடிக்கையாளர் தலை தெரிந்தால் மட்டும் சக்கரம் அவர் கைக்குப் போய்விடும். அதையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுக்காதது ஒன்றுதான். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் 'நான் மறந்துட்டேன்' என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. குடை தானாகவே பஸ்ஸில் தங்கிவிடும். பால் தானாகப் பொங்கும். மகளின் பிறந்தநாளோ அந்த வருஷம் பார்த்துச் சொல்லாமல் வந்துவிடும்.

அன்று பல் டாக்டரின் வண்டி வந்திருந்தது. கூடவே புது ஹேண்டில்பார், இரண்டு பிரேக் லீவர், அதன் இரு முனையிலும் ஏற்ற ஒரு ஜோடி தக்கைப் பிடி, அதாவது கார்க் பிடி. பிடிகள் டாக்டரின் அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பியவை. கெட்டால் வேறு கிடையாது. ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார் டாக்டர்.

எஞ்சினியர் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிடிகளை ஆவியில் காட்டினார். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். ஹேண்டில்பார் கம்பியில் பசை தடவி, முறுக்காமல் நேராக அழுத்தி ஏற்றினார். கை நன்றாகத்தான் ஓடியது. வாய் அதை முந்திக்கொண்டு ஓடியது.

"தக்கைங்கிறது உயிருள்ள பொருள். அதுக்கு மூச்சு இருக்கு, தெரியுமா?"

பசை இறுகியதும் அவள் எழுந்து வந்து பார்த்தாள். "மூச்சு இருக்கட்டும். வண்டிக்கு பிரேக்கு இருக்கா?"

லீவர்கள் இரண்டும் அவருடைய செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தன. திறக்காத முழு வளையம் வைத்தவை, கம்பியின் முனை வழியாகத்தான் நுழையும். முனைகளிலோ இப்போது தக்கை.

தன் வாலைத் தானே மிதித்துவிட்டு அடுத்தவரை முறைக்கும் பூனை மாதிரி அவர் அவளை முறைத்தார்.

"டாக்டர் மெதுவாத்தான் போவாரு."

"ஏங்க, மெதுவாப் போய் பஸ்ஸுல மோதுவாரா?"

"லீவரைத் தனிப் பொட்டலமா கட்டிக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்." பிடியை அறுக்கக் கத்தியை எடுத்தார்.

அவள் பழைய தகரப்பெட்டியைக் கிளறி, அப்பா காலத்து லீவர்கள் இரண்டை எடுத்தாள். அவற்றின் வளையம் கீல் வைத்த வளையல் போலத் திறந்து மூடும். எந்த இடத்திலும் மாட்டலாம். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"கத்தியைக் கீழ வைங்க. வழி என் கையில இருக்கு. நான் மறந்துட்டேன்னு சொல்லுங்க, தர்றேன்."

மணி நாலே முக்கால். எஞ்சினியர் கூரையைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார்.

"சரி, மறந்துட்டேன்னு வச்சுக்கயேன்."

"பாதி சொன்னா பாதிதான்." ஒரு லீவரை மட்டும் மேசையில் வைத்தாள்.

அதை அவர் மாட்டி முடிக்கவும் டாக்டர் வரவும் சரியாக இருந்தது.

"பிடி பிரமாதம். ஆனா ஒரு பக்கம் மொட்டையா இருக்கே?"

"அது வந்து சார், இன்னொண்ணை எடுத்து வைக்க வீட்டுக்காரி மறந்துட்டா."

பத்தொன்பது வருஷமாக நாக்கில் ஏறாத சொல், ஆளை மாற்றியதும் எத்தனை சரளமாக வழுக்கிக்கொண்டு வந்தது!

"மறக்கலை சார், கையிலதான் இருக்கு" என்றாள் அவள். செய்தித்தாளைத் தூக்கிப் புது லீவர்களைக் காட்டினாள். "இதைப் போட்டுட்டுதான் பிடியை ஒட்டணும். யார் மறந்தாங்கன்னு நீங்களே பாருங்க." பிறகு கணவரிடம், "கொஞ்சம் நகருங்க. முன்சக்கரத்தைப் பிடிச்சுக்குங்க" என்றாள்.

எஞ்சினியர் சக்கரத்தை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். அவள் வளையத்தைத் திறந்து மாட்டி, திருகை முடுக்கி, பிரேக் கம்பியை இணைத்தாள். டாக்டர் இரண்டு லீவரையும் அழுத்திப் பார்த்தார்.

"அடுத்த மாசம் என் மனைவி வண்டி வருது. நீங்களே பாருங்கம்மா."

டாக்டர் தெருமுனை திரும்பியதும் எஞ்சினியருக்குக் குரல் வந்தது. "பார்த்தியா, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே மாட்டிட்ட."

அவள் அவருடைய முக்காலியில் உட்கார்ந்து, காத்திருந்த சக்கரம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உட்கார வேறு இடமில்லாததால் அவர் பின்பக்கம் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். சற்று நேரத்தில், ஊசியில் நூல் கோப்பதற்கான விஞ்ஞானம் அங்கிருந்து கேட்கத் தொடங்கியது.