வராத வண்டிக்குக் காத்திருந்த முனுசாமி

ஞாயிறுதோறும் பெங்களூர் தண்டிலிருந்து, அதாவது கன்டோன்மென்டிலிருந்து, தங்கவயல் ஊரிகத்துக்கு நான் போய்வந்தது முனுசாமிக்காக. தங்கச் சுரங்கத்தில் வெடி வெடித்துக் கண்ணிரண்டும் போனவர். விரலால் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தைக் கற்றுத்தருகிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். சம்பளமில்லாத வேலை. ரயிலுக்கு அது தெரியுமா என்ன?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பெங்களூர் வண்டி வழியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டது. பவுரிங்பேட்டையில் இறங்கினால், தங்கவயலுக்குப் போகும் கிளை வண்டி போயே போய்விட்டது. அடுத்தது சாயங்காலந்தான். ஊரிகம் அங்கிருந்து ஏழெட்டு மைல். ஜட்காக்காரன் முக்கால் ரூபாய் கேட்டான். "மழையில குதிர வழுக்கும் சாமி, வேணும்னா ஏறுங்க" என்று பிகு வேறு. கொடுத்துத் தொலைத்து, ஸ்டேஷனுக்குப் போகாமல் நேரே சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கே விடச் சொன்னேன்.

முனுசாமியின் மனைவி காத்தாயி மட்டும் வீட்டில் இருந்தாள். "இன்னா வாத்யாரே, தனியா வரீங்க? உங்களக் கூட்டியாறன்னு டேசனுக்குப் போனாரே! வண்டியில நீங்க இல்லன்னதும் ஆண்டர்சன்பேட்டை அண்ணன் வூட்டுக்குப் போயிருப்பாரு. வந்துடுவாரு, குந்துங்க."

உட்கார்ந்தேன். மழை நிற்கவில்லை, அவரும் வரவில்லை. திரும்பும் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரக் கோடியில் கம்பை ஊன்றியபடி முனுசாமி நின்றிருந்தார், தொப்பலாக நனைந்து.

"ஐயையோ, காலையிலிருந்து இங்கேயேவா?"

சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அவர் அதைத்தான் சொன்னார். "கேஜ் வரலன்னா எடத்த வுட்டு நகரக் கூடாது வாத்யாரே. கீழ அதான் சட்டம். நகந்தவன் இருட்டுல தொலஞ்சான். இங்க ரெண்டு பேரு கூப்டாங்க, நான் போவல."

அடுத்த ஞாயிறு தவறாமல் வருகிறேன் என்றேன்.

"வேணாங்க. நீங்க வருவீங்க, வண்டி வரணுமே. பகலா ராத்திரியான்னுகூட எனக்குத் தெரில. இன்னொரு வாட்டி இப்படி என்னால நிக்க முடியாது."

மடியிலிருந்து பாட அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். வண்டி ஊதியது. மறுநாள் பள்ளிக்கூடம், ஏறித்தானே ஆகவேண்டும்?

இப்படித் தொண்டுக்குக் கிளம்புகிறவர்களே, ரயிலை நம்பி நாள் குறிக்காதீர்கள். முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். வண்டி தவறினால் யார் எங்கே காத்திருப்பது என்பதை முதலிலேயே பேசிவையுங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை.

பவுரிங்பேட்டை வரும்வரை அந்த அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவர் பெயரை நான் குத்திக்கொடுத்த அட்டை. நாளெல்லாம் அவர் ஈரக்கையால் தடவித் தடவி மழுங்கிப்போனதில், ஒரு புள்ளிகூட என் விரலுக்குத் தட்டுப்படவில்லை.